பன்னிரண்டு எலிகளில் ஐந்து

அமராவதிபுதூர்
12-8-73

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்னுத்தாயி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, ராக்காயி அக்கா எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் இராமுவும் சுகமாக இருக்கிறீர்களா? இராமுவுக்கு வந்த கண்வலி நின்றுவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னது.

மாமா, எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு பொருள். நீங்கள் பங்குனியில் வந்திருந்தபோது, மண்டபத்தில் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கடற்பாசியிலிருந்து தோல் புற்றுநோய்க்கு எதையோ எடுத்துப் பார்க்கிறார்கள் என்று சொன்னீர்கள். அப்பாகூட, "அப்ப நம்ம கம்மாய்ப் பாசிய அள்ளி அப்புனா பல்லு வலி போயிருமா மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தார். நான் அதையே என் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பாசி, அதை எப்படிப் பக்குவம் செய்கிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள். தோலில் வந்த புண் புற்றுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலிக்குமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் வருமா? கொஞ்சம் பாசி அனுப்பினால் கண்காட்சியில் வைப்பேன்.

சீக்கிரம் எழுதுங்கள் மாமா. வீட்டு முகவரிக்கே எழுதலாம். வருகிற கடிதத்தை எல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அக்காவுக்குக் கண்டனூர் மாப்பிள்ளையோடு தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால் வீட்டில் வேலை அதிகம். அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

இப்படிக்கு
பொன்னுத்தாயி


மண்டபம்
22-8-73

அன்பு மருமகள் பொன்னுவுக்கு,

நானும் அத்தையும் சுகம். இராமுவின் கண் சரியாகிவிட்டது, குறும்பு சரியாகவில்லை. அக்காவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல்லவும்.

எட்டாவதோடு நின்றுபோன என்னைப் பார்த்து அறிவியல் கேட்கிறாய். எனக்கே பெருமையாக இருக்கிறது. எங்கள் பெரியவர் சத்தியமூர்த்தி ஐயாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் எடுப்பது கட்டக்கோரை என்னும் பாசி. காய்ந்த வைக்கோல் நிறத்தில், மிளகு மிளகாகக் காய் வைத்தது போல் இருக்கும். இங்கே பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி, பாறையிலிருந்து அறுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதை நல்ல தண்ணீரில் ஏழு தடவை அலசி, நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, சாராய வாடை அடிக்கும் ஸ்பிரிட்டில் ஊறப்போடுவது என் வேலை. வடித்துச் சுண்டினால் கறுப்பாகப் பிசின் போல் வரும்.

அதை எலிக்குத்தான் போட்டுப் பார்க்கிறோம். எலியின் முதுகை மழித்து, நிலக்கரித் தாரைத் தடவித் தடவி முதலில் கட்டி வரவைப்பார்கள். பிறகு பிசினைப் பூசுவோம். எலி நக்கிவிடும், ஆகையால் துணி வைத்து உடம்போடு இறுக்கிக் கட்டிவிடுவேன். கட்டு தளர்ந்தால் எல்லாம் வீண். இந்தத் தடவை பன்னிரண்டு எலிகளில் ஐந்துக்குக் கட்டி வளராமல் நின்றிருக்கிறது. ஐயா அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

ஆறாத புண், ஓரம் தடித்து, தொட்டால் இரத்தம் கசிந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். முதலில் வலிக்காதாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வராது, பயப்படாமல் படி. கண்காட்சி அட்டையில் 'மருந்து' என்று எழுதாதே, 'ஆய்வு' என்று எழுது. ஐயா கண்டிப்பாகச் சொன்னார்.

ஒரு பொட்டலம் பாசி தனியாக வருகிறது.

அன்புடன்
மாமா தங்கச்சாமி


அமராவதிபுதூர்
9-9-73

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கடிதமும் பாசியும் வந்தன. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. "பன்னெண்டுல அஞ்சுன்னா பாதிக்குக் கிட்டத்தானடி?" என்றது. ஆமாம் என்றேன். "அந்த அஞ்சும் இப்ப நல்லாத் திங்கிதாமா?" என்று கேட்டது. நீங்கள் அதைப்பற்றி எழுதவில்லை. திங்கிறது என்று நானாகச் சொன்னேன்.

மாமா, ஸ்பிரிட் இல்லாவிட்டால் வெந்நீரில் ஊறவைத்து அரைக்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை பூச வேண்டும்? எத்தனை நாளில் ஓரம் அமுங்கும்? இதெல்லாம் டீச்சர் கேட்டது.

பொட்டலம் தீர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு பொட்டலம் அனுப்ப முடியுமா?

பொன்னுத்தாயி


மண்டபம்
20-9-73

அன்பு பொன்னுவுக்கு,

எல்லோரும் சுகம்.

கண்காட்சிக்கு ஒரு பொட்டலம் போதாதா? பாதியைச் செவலைப் பசுவுக்குப் போட்டுவிட்டாயா? நேற்று இதை அத்தையிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை வாங்கித் திரும்ப வாசிக்கச் சொன்னாள். "புள்ள ஆருக்கோ பூசுது. வெளங்கலயா உங்களுக்கு?" என்றாள்.

பொன்னு, கண்காட்சி என்றைக்கு? தீர்ந்துபோனது என்றால் எப்படித் தீர்ந்தது? பதில் வரும்வரை பாசி அனுப்ப மாட்டேன்.

மாமா


அமராவதிபுதூர்
14-10-73

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. மாமா சுகமாக இருக்கிறார், பாசி பிறகு வரும் என்று மட்டும் சொன்னேன். மூன்று வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு மாட்டுக்கொட்டகையில் சிமினி விளக்கை வைத்து எழுதுகிறேன். பாவாடையை விரித்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறேன்.

கண்காட்சி இல்லை. அப்படி ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் வைப்பதே இல்லை.

புண் அம்மாவுக்கு.

ஆடி மாதம் கம்மாயில் குளிக்கும்போது பார்த்தேன். என் உள்ளங்கையில் பாதி இருக்கும். ஓரம் திரண்டு, நடுவில் சிவப்பாக இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது ரெண்டு வருசமா இருக்கு, வரும் போகும்" என்றது. பிறகு ஈரக்கையோடு என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியது. "ராக்கு கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் உங்கப்பன்கிட்டக்கூட மூச்சு விடக்கூடாது. ஆத்தாளுக்குப் புத்துன்னு தெரிஞ்சா கண்டனூர்க்காரக தாம்பூலத்தத் திருப்பி அனுப்பிப்புடுவாக" என்றது. நான் புற்று என்று சொல்லவே இல்லை மாமா. அம்மாவே சொன்னது.

பாசியை அரைத்துக் காலையிலும் மாலையிலும் அப்புகிறோம். நீங்கள் எலிக்குச் செய்வது போலவே இறுக்கிக் கட்டுகிறேன். அம்மா பல்லைக் கடித்துக்கொள்ளும். "இன்னும் இறுக்குடி, அவுந்துறப்போவுது" என்று சொல்லும். ஆறுவது போலத்தான் இருக்கிறது என்று அம்மா சொல்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. நாற்றம் வருகிறது. அக்கா ஒருநாள், "எலி எங்குட்டோ செத்துக்கெடக்கு, பாருடி" என்று மூலைமூலையாகத் தேடியது. நானும் கூடத் தேடினேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் தூங்கிவிடுகிறேன். பாசி அனுப்புங்கள் மாமா. அந்த ஐந்து எலியைப்பற்றியும் எழுதுங்கள். அம்மா தினமும் கேட்கிறது.

பொன்னு


மண்டபம்
18-10-73

அன்பு பொன்னுவுக்கு,

எல்லோரும் சுகம் என்று இனி நீ எழுதினால் நம்ப மாட்டேன்.

பாசி அப்புவதை இன்றோடு நிறுத்து. ஒரு சாக்குப் பாசியை இடித்து ஊறப்போட்டால் எனக்குக் கிடைப்பது ஒரு கரண்டிப் பிசின். நீ அரைத்துப் போட்டது வெறும் உப்புத் தழை. புண்ணில் உப்பைத்தான் வைத்திருக்கிறாய். உன் தவறு இல்லை. நான் டீ குடித்த சந்தோஷத்தில் எழுதினேன்.

பிசினும் மனிதருக்கு மருந்து இல்லை. பதினைந்து, இருபது வருஷம் கழித்து இதிலிருந்து ஏதாவது வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் ஐயா. என் அக்காவுக்கு அவ்வளவு நாள் இல்லை. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் அறுத்து எடுக்க வேண்டும். தோலோடு நிற்கும்போது எடுத்தால் பிழைக்கலாம்.

அந்த ஐந்து எலிகள் இப்போது இல்லை. மற்ற ஏழும் முன்பே செத்துவிட்டன. ஐந்தையும் அறுபதாவது நாள் நாங்களே கொன்றோம். உள்ளே பரவியிருக்கிறதா என்று அறுத்துப் பார்ப்பது முறை. இரண்டில் பரவியிருந்தது.

புண் எந்த இடத்தில் என்று நீ எழுதவே இல்லை. கையா, காலா? அது தெரியாமல் டாக்டரிடம் எப்படிக் கேட்பேன்?

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் உன் அம்மாவுக்கு வாசி.

மாமா


அமராவதிபுதூர்
4-11-73

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை என்று அப்பா வருத்தப்பட்டார். அத்தையும் இராமுவும் எப்படி இருக்கிறார்கள்?

கடிதத்தை வாசித்தேன். எலிகளைப்பற்றி எழுதியதையும் அவ்வளவு நாள் இல்லை என்பதையும் விட்டுவிட்டேன். மதுரைக்குப் போக வேண்டும் என்பதை வாசித்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது. பிறகு கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "மூணு மடிப்பும் நெறய எழுதியிருக்கான். நீ ஒரு மடிப்புக்குத்தான் படிச்ச" என்றது.

நான் அழுதேன். "சரி சரி, படிக்க வேணாம். எனக்கும் கேக்க வேணாம். தை முடியட்டும், போவம்" என்றது. போன கடிதத்தையும் நான் மறைத்தது அதற்குத் தெரியும் போலிருக்கிறது. தெரிந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறது.

பாசியை நிறுத்தவில்லை மாமா. பொட்டலத் தாளில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிப் போடச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் தை வரைக்கும் எதை நம்பி இருப்பது என்கிறது.

புண் வலது இடுப்பில் இருக்கிறது. கண்டாங்கிச் சேலையை இறுக்கி முடிச்சுப் போடுகிற இடம். உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. தனியாகத் துணி வைத்துக் கட்டினால் வெளியே தெரியும் என்று பாசிக்கு மேலேயே சேலை முடிச்சை இறுக்கிப் போடச் சொல்கிறது. அந்த முடிச்சுத்தான் கட்டு.

இன்னொன்று கேட்க நினைத்தேன். வேண்டாம், நேரமாகிவிட்டது. அக்கா இரண்டு தடவை இருமிவிட்டது, விழித்துக்கொள்ளும்.

பொன்னு


மண்டபம்
15-11-73

அன்பு பொன்னுவுக்கு,

அத்தையும் இராமுவும் சுகம். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அத்தை எழுதச் சொல்கிறாள்.

இராமநாதபுரத்தில் ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வெளியே பெண்கள் வரிசையில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை. இடுப்பு என்று சொன்னதுமே அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சேலை முடியிற எடமா? மொதல்ல அதை அவுத்துவிடச் சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் அந்தப் புண் வருமாம். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரே இடத்தில் இறுக்கி, வெயிலில் குனிந்து, வியர்வையோடு அறுத்து அறுத்துத் தோல் கறுத்து, காய்த்து, வெடித்து, கடைசியில் இப்படி ஆகுமாம். சேலை கட்டுகிற நம் பக்கத்துப் பெண்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறாராம். எல்லோரும் கடைசியில்தான் காட்டுகிறார்களாம். எந்த முடிச்சு அந்தப் புண்ணைக் கொண்டுவந்ததோ அதே முடிச்சால் நாம் இரண்டு மாதம் மருந்து கட்டியிருக்கிறோம் பொன்னு. இறுக்கிக் கட்டு என்று எழுதியவன் நான்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. பிள்ளைகளுக்கு இரத்தத்தில் வருவதும் இல்லை. கண்டனூர்க்காரர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

மச்சானுக்குத் தனியாக எழுதலாம் என்று எடுத்தேன். எழுதினாலும் நீதானே வாசிக்க வேண்டும்? எழுத்துப் படிக்க அவருக்கு வேறு கண் இல்லை. அதனால் உன்னிடமே விடுகிறேன். சத்தியம் உன்னுடையது. அதை நான் உடைக்க முடியாது.

அவர் சரி என்றால் மதுரையில் எந்த நாளும் வந்து நிற்பேன். லீவு சொல்லிவிட்டேன்.

மாமா


அமராவதிபுதூர்
25-11-73

அன்புள்ள மாமாவுக்கு,

வாசித்துவிட்டேன்.

வியாழக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பரிமாறியது. அம்மா அம்மியடியில் இருந்தது. மாமா கடிதம் வந்திருக்கிறது என்று நின்றுகொண்டே ஆரம்பித்தேன். முதலில் அக்டோபர் கடிதம், பிறகு இது. ஒரு வரி விடவில்லை. எலிகள் வந்த இடத்தில் அம்மா, "அடியே, போதும்டி" என்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே இருந்தது. அம்மா பக்கம் திரும்பி, "அக்கம்மா, என்ன சொல்லுது இந்தப் புள்ள?" என்றார். அக்காதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என் கலியாணத்துக்காகவா? நாத்தம் நாத்தம்னு நான் எலியத் தேடிக்கிட்டுத் திரிஞ்சேனே, அப்பவும் பேசாமத்தான இருந்தீக ரெண்டு பேரும்?" என்று கேட்டது. அம்மா என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

அப்பா மறுநாள் கண்டனூர் போனார். மாப்பிள்ளை பெரியகருப்பனின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஒட்டுவாரொட்டி இல்லை என்று நீங்கள் எழுதியதையும் சொன்னாராம். "இது நீங்க சொல்றீக, ஊரு சொல்லணும்ல" என்றார்களாம். மோர் கொடுத்தார்களாம். பார்ப்போம் என்றார்களாம். அப்பா வெயிலில் நடந்தே திரும்பி வந்தார்.

அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சத்தியத்தை மீறினவர்களுக்கு ஏதாவது ஆகுமா மாமா? தலையில் அடித்து வாங்கிய சத்தியம்.

அடுத்த வாரம், 3-ந் தேதி திங்கள்கிழமை, காலை முதல் பஸ்ஸில் காரைக்குடி வந்து, அங்கிருந்து மதுரைக்கு வருகிறோம். நானும் வருகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அக்கா அப்பாவுக்குச் சமைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பொன்னு


மதுரை, பெரியாஸ்பத்திரி
20-1-74

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுத அம்மா சொன்னது. நான் இருப்பதை எழுதுகிறேன்.

நீங்கள் போன மறுநாள் தையல் பிரித்தார்கள். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை, மற்றது பிடித்துவிட்டது. தொடையிடுக்கில் எடுத்த நெறிகட்டியில் புற்று இருந்தது என்று சீட்டு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், இரண்டு வருஷம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆவணியிலேயே வந்திருந்தால் நெறிக்குப் போயிருக்காதா என்று கேட்டேன். அவர் என் வயதைக் கேட்டார். பதினாலு என்றேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கண்டனூரிலிருந்து தாம்பூலம் திரும்பி வந்துவிட்டதாம். அப்பா வந்து சொன்னார். அக்கா அன்றைக்கும் களை எடுக்கப் போனதாம். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது. சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இனிமேல் என்னோடு பேசவே பேசாது என்று நினைத்தேன்.

விளக்குப் போட்ட பிறகு, "எழுது" என்றது. சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி தங்கச்சாமிக்கு. அக்கா உசுரோட இருக்கேன். அந்த அஞ்சு எலியும் செத்துப்போச்சுன்னு இந்தப் புள்ள படிச்சப்ப எனக்கு ஒண்ணும் தோணல, இவ மேல கோவந்தான் வந்துச்சு. இங்குட்டு வந்து படுத்தப்பெறகுதான் அதுகள நெனக்கிறேன். அறுத்து என்னத்தப் பாத்தீகளோ, பாத்தத எழுதி வைங்க. ஒங்க அய்யாகிட்டச் சொல்லு, பாதியில விட்டுறப்புடாதுன்னு. கழுத்தளவு தண்ணியில பாசி அறுக்குற பொம்பளைக இருக்காகள்ல, அவுகளும் இடுப்புல பையக் கட்டிக்கிட்டுத்தான எறங்குறாக? ஈரத்தோட முடிச்சு இன்னும் அறுக்கும். அவுகள்ட்டச் சொல்லு, தளத்திக் கட்டச் சொல்லி."

அவ்வளவுதான். முடிந்ததா என்று கேட்டேன். "கிட்ட வா" என்றது.

மாமா, முதல் கடிதத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டேன் அல்லவா? எனக்கும் இடது இடுப்பில் பாவாடை நாடா முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஆடியில் அம்மாவுடையதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி என்னுடையதையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா படுத்தபடியே என் தாவணிக்குள் கையை விட்டு நாடாவைத் தேடி, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தது. அங்கே வந்த நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, "இதக் கொஞ்சம் பாருங்கம்மா" என்றது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நாடாத் தழும்பு, ஒண்ணுமில்ல. இறுக்காம கட்டுனா போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி போட்ட கையை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. நான் அவிழ்க்கிறேன் என்றேன். "நீ சும்மா நில்லு" என்றது. அவிழ்த்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு, பக்கத்தை மாற்றி வலப்புறமாகப் போட்டது. பாவாடை நழுவுகிறது மாமா. ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொன்னுத்தாயி